கல் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர்

மே 11, ஞாயிறு: குஸ்கோ

பெருவின் தலைநகர் லீமாவில் விமானம் ஏறும்போது கடல் மட்டம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குஸ்கோவில் இறங்கும்போது 3,400 மீட்டர். கொடைக்கானலே 2,100 மீட்டர்தான் என்றால் உயரம் பிடிபடும். பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் வைத்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

நாங்கள் நான்கு பேர். திருச்சியில் ஒரே விடுதி அறையில் மூன்று வருஷம் படுத்து எழுந்தவர்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம் இது. அன்றைக்கு வைத்த பட்டப்பெயர்களே இங்கேயும் இருக்கட்டும்: டாக்டர், டீச்சர், மாமி. முதல் இரண்டும் பின்னால் பலித்துவிட்டன.

எனக்கு இந்த ஊர்மேல் ஆசை வந்தது பள்ளிக்கூடத்தில். சுண்ணாம்பும் இல்லாமல் காரையும் இல்லாமல் அடுக்கிய கல்சுவர் ஒன்றின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். இடுக்கில் கத்திகூட நுழையாது என்று கீழே போட்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தது.

தங்கும் இடத்து அம்மா எங்கள் முகங்களைப் பார்த்ததுமே, பெயர்கூடக் கேட்காமல், நான்கு கோப்பை கோக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். வெந்நீரில் மிதக்கும் முழு இலைகள். வைக்கோல் ஊறின மாதிரி மணம், லேசான கசப்பு. "கொஞ்சமாகச் சாப்பிடு, மெதுவாக நட, தனியாகத் தூங்கு" என்று மலையேறி வருகிறவர்களுக்கு இங்கே ஒரு சொலவடை இருக்கிறது. மூன்றாவதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார்.

டீச்சரால்தான் தாங்க முடியவில்லை. இரண்டு முறை வாந்தி, மண்டையைப் பிளக்கும் வலி. இந்த உயர நோய்க்கு இங்கே சொரோச்சே என்று பெயர். டாக்டர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள், ஆக்சிஜன் 84. "ஊர்ல இந்த நம்பரப் பாத்தா அட்மிட் பண்ணியிருப்பேன்டீ. இங்க வந்த அன்னிக்கு இது சகஜம், பேசாம படு" என்றாள். சொன்னாளே தவிர, இரவு முழுக்க ஒரு மணிக்கொரு தரம் எழுந்து அந்தக் கருவியை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே 3 டிகிரி. மூன்று கம்பளிகளுக்கு அடியில் குளிர் போனது, தூக்கம் வரவில்லை.

மே 12, திங்கள்: குஸ்கோ

டீச்சர் எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்றாள். அதைவிட நல்ல சேதி இல்லை. மெதுவாக நடந்து சான் பெத்ரோ சந்தைக்குப் போனோம்.

நுழைந்தவுடன் பழச்சாறு கடைகள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றிலும் உயரமான மேடைமேல் ஒரு அம்மா, கையில் பட்டியல் அட்டை. "மாமி! மாமி!" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் மாமி திடுக்கிட்டு நின்றாள். இங்கே பெண்களை அன்பாகக் கூப்பிடும் சொல்லே மாமி, மாமீத்தா என்பதுதான். இருபத்தைந்து வருஷமாக நாங்கள் கூப்பிட்ட பெயரில் ஊர் முழுக்க அவளைக் கூப்பிட்டது. அந்த மகிழ்ச்சியிலேயே அந்தக் கடையில் உட்கார்ந்தாள்.

பப்பாளியும் ஆரஞ்சும் சேர்த்து அடித்த சாறு 9 சோல். ஒரு சோல் 23 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். குடித்து முடித்ததும் அந்த அம்மா மிக்சியில் மீதமிருந்ததை அப்படியே தம்ளரில் ஊற்றினார், கிட்டத்தட்ட இன்னொரு தம்ளர். இதற்குப் பெயர் யாப்பா. நம்ம கொசுறு. கேட்காமலே கொடுப்பதுதான் மரியாதை. மறுபடி வந்தால் நீ காசெரா, வாடிக்கைக்காரி.

உருளைக்கிழங்கு வரிசையில் நான் நின்றுவிட்டேன். ஊதா, மஞ்சள், கறுப்பு, அன்னாசி போலக் கண் கண்ணாக முண்டும் முடிச்சும் கொண்டவை. உலகம் சாப்பிடும் உருளைக்கிழங்கு பிறந்த மலை இதுதான். பக்கத்தில் சுண்ணாம்புக் கல் மாதிரி ஒன்று குவித்திருந்தார்கள். சுன்யோ. உறைபனி இரவில் கிழங்கைப் பரப்பி, மறுநாள் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பது. வருஷக்கணக்கில் கெடாது. நம்ம வத்தல்தான், வெயிலோடு பனியையும் வேலை வாங்கியிருக்கிறார்கள். மிளகாய் வரிசையும் அப்படி. ரொக்கோட்டோ என்ற குண்டு மிளகாயைப் பிளந்து காட்டினார்கள், உள்ளே விதை கறுப்பு. மாமி ஒரு துண்டைக் கடித்து, கண்ணில் நீர் வர, "இது நம்ம வீட்டு மிளகாய்க்குப் பெரியம்மாடீ" என்றாள். உறவு சரிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த பிறகுதானே நமக்கு மிளகாய். அதற்கு முன் காரத்துக்கு மிளகும் திப்பிலியும்தான்.

மதியம் கொரிகாஞ்சா, ஸ்பானியர்களுக்கு முன் இந்த மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயில். சுவரில் பதித்திருந்த தங்கத் தகடுகளை 1533-இல் ஸ்பானியர்கள் பெயர்த்து எடுத்தார்கள். சிறைபிடித்த அரசன் அதாவல்பாவின் மீட்புத் தொகைக்கு. பிறகு கோயில்மேலேயே சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தைக் கட்டினார்கள். 1650-லும் 1950-லும் பெரிய நிலநடுக்கங்கள். இரண்டு முறையும் மேலே கட்டினது இடிந்தது, அடியில் இருந்த இன்கா சுவர் நின்றது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, வாசல்கள் மேலே குறுகிக் கீழே அகலம். ஆடும் தரையை உத்தேசித்துக் கட்டியவர்கள்.

ஹாதுன் ருமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல்லையும் பார்த்தோம். தொடக் கூடாது, காவல் இருக்கிறது. நான்கு வீடு தள்ளி, யாரும் காவல் நிற்காத ஒரு சுவரில் கை வைத்தேன். ஜில்லென்று, விபூதி மாதிரி வழுவழுப்பு. ரொம்ப நேரம் எடுக்கவில்லை கையை.

மே 13, செவ்வாய்: சக்சய்வாமன், திப்போன்

காலையில் ஊருக்கு மேலே சக்சய்வாமன். 130 சோலுக்குப் பதினாறு இடங்களுக்கான சீட்டு, பத்து நாள் செல்லும். மூன்று அடுக்குச் சுவர் மின்னல் வெட்டினாற்போல மடங்கி மடங்கிப் போகிறது. பெரிய கல் ஒன்று நூறு டன்னுக்கு மேல். 1536-இல் மாங்கோ இன்கா என்ற அரசன், ஸ்பானியர்கள் பிடித்திருந்த குஸ்கோவை முற்றுகையிட்டபோது இங்கேதான் பெரும் சண்டை. அதற்குப் பிறகு எளிதாகத் தூக்க முடிந்த கற்களையெல்லாம் ஊரில் வீடு கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். தூக்க முடியாததுதான் மிச்சம். அதுவே இப்படி.

அதன் பிறகு நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 180 சோல் பேசி டாக்ஸி எடுத்திருந்தோம். ஓட்டுநர் அறுபது வயதுக்காரர். டீச்சர் ஆறு மாதம் கைபேசியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்திருந்தாள், அவள்தான் எங்கள் வாய். "கூட்டமில்லாத இடம் ஒன்று காட்டுகிறேன்" என்று அவர் தென்கிழக்கே இருபதுசொச்சம் கிலோமீட்டர் தள்ளித் திப்போனுக்குக் கூட்டிப்போனார்.

மலை மடிப்பில் படிப்படியாக அகலமான வயல் தளங்கள். பாறைக்கு அடியில் ஊற்றுக்கண். அதிலிருந்து வரும் தண்ணீர் ஒரு கல் தொட்டியில் நான்கு தாரையாக விழுகிறது. நான்கும் ஒரே கனம். கண்ணுக்கு ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை. அங்கிருந்து வாய்க்கால் ஒவ்வொரு தளமாக இறங்குகிறது. இறங்கும் இடத்தில் சுவரைச் செங்குத்தாகக் குடைந்து தண்ணீருக்கென்றே ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். சுவர் அரிக்காது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டினது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஊர்க்காரர்கள் வயலுக்கு அதைத்தான் பாய்ச்சுகிறார்கள்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைமதகில் முப்பத்திரண்டு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். எந்த ஊருக்கு எத்தனை நாள் முறை, எத்தனை அங்குலம் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். சாப்பாட்டுத் தட்டில் ரசத்தைச் சோற்று வரப்பு கட்டிப் பிரித்துக் காட்டுவார். தண்ணீரைச் சரிசமமாகப் பிரிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நான்கு தாரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மற்ற மூவரும் மேலே ஏறி, இறங்கி, படமெடுத்து, திரும்பி வரும்வரை அங்கேயே இருந்தேன். கல்லுக்காக வந்தவள். அன்றையிலிருந்து எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் தண்ணீர்தான்.

திப்போன் ஊருக்குள் கூய் சுடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கூய் என்றால் கினிப்பன்றி. வீட்டு விசேஷம் என்றால் இங்கே அதுதான். டாக்டர் மட்டும் சாப்பிட்டாள், முழுசு 70 சோல். முயல் மாதிரி, ஆனால் தோல் முறுகல் என்றாள். எனக்குத் தலையோடு தட்டில் வந்ததைப் பார்க்க முடியவில்லை. மாமிக்குச் சோளக் கதிரும் பாலாடைக்கட்டியும். சோள மணி ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு.

மே 14, புதன்: மாராஸ், மொராய்

அதே ஓட்டுநர். வழியில் சில வீடுகளின் முன்னால் நீளக் கழியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. அந்த வீட்டில் இன்றைக்குச் சிச்சா தயார் என்று அடையாளம். முளைகட்டிய சோளத்தில் புளிக்கவைத்த பானம். ஒரு வீட்டில் நிறுத்தினார். மண் தரை, மரப் பெஞ்சு, அரை லிட்டர் தம்ளர் 2 சோல். குடிப்பதற்கு முன் கொஞ்சம் தரையில் ஊற்றினார், பச்சமாமாவுக்கு, பூமித்தாய்க்கு. நாங்களும் ஊற்றினோம். புளித்த நீராகாரத்துக்குக் கொஞ்சம் போதை சேர்ந்தால் அந்தச் சுவை.

மொராய் வட்ட வட்டமாக இறங்கும் வயல் தளங்கள். மேல் வட்டத்துக்கும் அடி வட்டத்துக்கும் வெப்பம் நன்றாகவே மாறும், அதனால் பயிர்களைச் சோதித்துப் பார்த்த இடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அழகுதான். காற்று வாரி அடித்ததில் மாமியின் தொப்பி பள்ளத்துக்குள் போய்விட்டது. உள்ளே இறங்க அனுமதி இல்லை. அரை மணியில் கிளம்பிவிட்டோம்.

மாராஸில்தான் பொழுது போனது தெரியவில்லை. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், 3,000 மீட்டருக்கு மேல், உப்பளம். மலைக்குள்ளிருந்து ஒரு உப்பு ஊற்று வருகிறது. ஓடை அளவுகூட இல்லை, நம்ம வீட்டுக் கழனி வாய்க்கால் அகலம்தான். அதைப் பள்ளத்தாக்குச் சரிவில் 3,000-க்கும் மேற்பட்ட பாத்திகளுக்குப் பிரித்து விடுகிறார்கள். இன்காக்களுக்கும் முன்னாலிருந்து நடக்கும் வேலை. ஒவ்வொரு பாத்தியும் ஒரு குடும்பத்துடையது. மாராஸ் ஊரும் பக்கத்துப் பிச்சிங்கோத்தோவும்தான் பங்குதாரர்கள். மழைக்காலம் முடிந்து இப்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது. சில பாத்திகள் வெள்ளை, சில இன்னும் சேற்று நிறம், நடுவில் இளஞ்சிவப்பு.

உள்ளே நடக்க விடுவதில்லை, மேலிருந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு நேர் கீழே ஒரு அம்மாவும் பையனும். அம்மா குனிந்து, பாத்தியின் ஓரத்தில் ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கை அகல வாயில் தண்ணீர் நுழைந்தது. பையன் மட்டையால் வரப்பைத் தட்டிக் கெட்டிப்படுத்தினான். தண்ணீர் நிறைந்ததும் அம்மா கல்லை மறுபடி வைத்து, ஒரு பிடி சேற்றை அப்பி, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். மடை திறப்பது, மடை அடைப்பது. வேறெந்தக் கருவியும் கிடையாது. அவருக்கு மேல் பாத்திக்காரர் அதிகம் எடுத்தால் என்ன செய்வார்கள் என்று டீச்சர் மூலம் கேட்டேன். ஓட்டுநர் தோளைக் குலுக்கினார். "பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள். எல்லோரும் ஒரே ஊர்."

ஒரு கிலோ இளஞ்சிவப்பு உப்பு வாங்கினேன், அம்மாவின் ஊறுகாய்க்கு.

மே 15, வியாழன்: ஒயாந்தாய்தாம்போ

நேற்று இருட்டின பிறகு வந்து சேர்ந்தோம். 2,800 மீட்டருக்கு இறங்கியதில் நான்கு பேருக்கும் மூச்சு இலகுவாகிவிட்டது. இரவு முழுக்க ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிற சத்தம். காலையில் கதவைத் திறந்தால் தெரு காய்ந்து கிடக்கிறது. சத்தம் வாய்க்காலினுடையது. இன்கா காலத்துத் தெரு, இன்கா காலத்து அடித்தளங்கள்மேல் இன்றைக்கும் குடித்தனம், தெருவின் ஒரு ஓரத்தில் ஒரு முழ அகலத்தில் ஓடும் தண்ணீர். ஒரு வீட்டு வாசலில் பாட்டி அதில் கேரட் அலசிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, இரண்டு பின்னல். நான் தண்ணீரைக் காட்டிக் கையை விரித்தேன். "உனு" என்றார். கெச்சுவா மொழியில் தண்ணீர். பிறகு ஒரு கேரட்டை என் கையில் வைத்தார்.

கோட்டை என்று சொல்கிற சரிவில் ஏறினோம். உச்சியில் ஆறு பெரிய கல் பலகைகள் ஒட்டி நிற்கும் சுவர், இளஞ்சிவப்புக் கல். அந்தக் கல் எதிர்மலையில் கச்சிக்காத்தா என்ற இடத்தில் வெட்டினது. மலையிலிருந்து இறக்கி, உருபம்பா ஆற்றைக் கடத்தி, இந்த மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். சில கற்கள் பாதி வழியிலேயே கிடக்கின்றன. அவற்றுக்குக் களைத்த கற்கள் என்று பெயர். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு ஒரு படியில் உட்கார்ந்து, "நானும் அதே ஜாதி, என்னை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றாள்.

ஸ்பானியர்களை இன்காக்கள் நேருக்கு நேர் தோற்கடித்த சில இடங்களில் இதுவும் ஒன்று. 1537 ஜனவரியில் ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ குதிரைப் படையோடு வந்தான். மேலே மாங்கோ இன்காவின் ஆட்கள். அம்பும் கல்லும் ஒரு பக்கம் இருக்க, வாய்க்கால்களைத் திறந்து கீழ்ச் சமவெளியைத் தண்ணீரில் மூழ்கவிட்டார்கள். குதிரைகளால் ஓட முடியவில்லை. படை பின்வாங்கிப் போனது. மேலிருந்து அந்த வயலைப் பார்த்தேன், இப்போது அறுத்துப்போட்ட சோளத்தட்டை காய்கிறது.

மாலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே விடிகாலை ஐந்தரை, எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கைபேசியை வாய்க்கால்மேல் பிடித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். "அடில என்னம்மா, கல்லா? ரெண்டு பக்கமும் கல்லா? வாட்டம் எவ்வளவு இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. காகிதத் துண்டு ஒன்றைப் போடச் சொன்னார், ஓடுகிற வேகத்தைப் பார்க்க. நடைவேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார், "சரி, மலைத் தண்ணின்னா மண்ணு வருமே. வண்டல் எங்க போவுது? யாரு அள்ளுறா?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கீன்வா சூப், சோறு, பொரித்த முட்டை, 15 சோல். பிறகு தெருமுனைத் தள்ளுவண்டியில் எமோலியென்டே, பார்லியும் ஆளிவிதையும் மூலிகையும் கொதிக்கிற கொழகொழப்பான கஷாயம், 3 சோல். அந்தக் குளிருக்கு அமிர்தம்.

மே 16, வெள்ளி: அகுவாஸ் காலியென்டேஸ்

மச்சு பிச்சுவின் அடிவாரத்து ஊர். வந்து சேர ரயில்தான், வாகனச் சாலை கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள் காய்ந்த மலை பச்சைக் காடாகிறது. ஊர் நெருக்கடி, விலை ஒன்றுக்கு இரண்டு, தண்ணீர் பாட்டில் 8 சோல். உணவகத்தில் பில்லில் கேட்காத ஒரு சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். டீச்சர் நிதானமாகப் பேசி எடுக்கவைத்தாள். சீக்கிரம் படுத்துவிட்டோம்.

மே 17, சனி: மச்சு பிச்சு

ஐந்தரைக்குப் பேருந்து வரிசை. மேலே போக மட்டும் 12 டாலர், நடந்தால் ஒன்றரை மணி நேரச் செங்குத்துப் படிகள். நுழைவுச் சீட்டு 152 சோல், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அங்கேதான் மாட்டினோம். நம்ம பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் பலருக்கும் காலியாகத்தானே இருக்கும். எங்கள் நான்கு பேருக்குமே காலி. முன்பதிவு செய்து கொடுத்தவர் படிவம் காலியை ஏற்காததால் மூன்று பேருக்கு இருக்கிற பெயரையே இரண்டு முறை போட்டிருந்தார். டாக்டருக்கு மட்டும், எங்கிருந்து எடுத்தாரோ, அவள் மாமனார் பெயரைப் போட்டிருந்தார். வாசலில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார், சீட்டைப் பார்க்கிறார், தள்ளி நிற்கச் சொல்கிறார். பின்னால் நூறு பேர். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

டீச்சர் முன்னால் போனாள். "எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு என் பெயர், அவ்வளவுதான்" என்று தெரிந்த ஸ்பானிஷில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. பெருவில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. "எனக்கு இரண்டு இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். பாஸ்போர்ட் எண் சரியாக இருந்ததால் நாற்பது நிமிஷம் கழித்து உள்ளே விட்டார்கள். அந்த நாற்பது நிமிஷமும் டாக்டரின் கையை மாமி விடவில்லை. உள்ளே விடாவிட்டால் நான்கு பேரும் திரும்பிவிடுவது என்று மெதுவான குரலில் பேசி முடித்திருந்தோம். நம்ம ஊரிலிருந்து போகிறவர்கள் பாஸ்போர்ட் எண்ணையும் பெயரையும் முன்பதிவு அன்றைக்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

உள்ளே மேகம். படத்தில் பார்த்த மலையும் இல்லை, ஊரும் இல்லை. 10 சோல் பிளாஸ்டிக் அங்கியைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் ஒண்ட இடம் தேடினார்கள். நான் தரையைப் பார்த்தேன். அரை மணி நேரமாகக் கொட்டுகிறது, முற்றத்தில் ஒரு குட்டைகூட இல்லை. புல்வெளியில் விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே மறைகிறது. படிக்கட்டு ஓரம் ஒரு விரல் ஆழக் கோடு வெட்டியிருக்கிறது, அதில் வழிகிறது. சுவரின் அடியில் ஒரு சிறு ஓட்டை, அதிலிருந்து பீச்சுகிறது.

வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற முகடு இது. இருபுறமும் பள்ளம். தண்ணீர் தேங்கினால் முகடே சரிந்து ஆற்றில் போய்விடும். அதனால் கட்டியவர்கள் முதலில் அடியைக் கட்டினார்கள். பெரிய கல், அதன்மேல் வெட்டிய கற்சில்லு, சரளை, அப்புறம் மண். இந்த ஊருக்குப் போட்ட உழைப்பில் பாதிக்கு மேல் தரைக்கு அடியில் இருக்கிறது என்று நீரியல் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குடிக்க, மலைச் சரிவிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால், அது படிப்படியாகப் பதினாறு தொட்டிகளில் இறங்குகிறது. நாங்கள் எடுத்த சுற்றில் அந்தத் தொட்டிப் படிகளுக்குள் இறங்க வழியில்லை. சுற்றுக்குச் சுற்று பாதை வேறு, ஒருமுறை கடந்தால் திரும்ப விடமாட்டார்கள். எனக்கு அது இன்னமும் வருத்தம்தான்.

ஒன்பதரைக்கு மேகம் விலகியது. டீச்சர் அழுதாள். மாமி கையைக் கூப்பினாள். நான்கு பேரும் பேசவில்லை. பச்சகுதி என்ற இன்கா அரசனுக்காக 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர். 1911 ஜூலை 24-இல் ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவரை மேலே கூட்டிவந்தவர் கீழே குடியிருந்த மெல்சோர் அர்த்தேயாகா என்ற விவசாயி. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் வந்து தன் பெயரைச் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்காம் ஏறி வந்தபோது இங்கே இரண்டு குடும்பங்கள் இந்தத் தளங்களில்தான் பயிர் வைத்திருந்தன, வழிகாட்டியது ஒரு சிறுவன். காணாமல்போன நகரம் என்று இதை அழைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு இது காணாமல் போகவே இல்லை.

மே 18, ஞாயிறு: ஒயாந்தாய்தாம்போ

இரவு ரயிலில் இங்கேயே திரும்பினோம். கால் இரண்டும் மரக்கட்டை. மதியம் குஸ்கோ, நாளை லீமா.

காலையில், அன்றைக்குக் கேரட் கொடுத்த பாட்டியின் வீட்டு வாசலில் அவர் பேரன் வாய்க்காலில் அடைத்த இலைகளை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். டீச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: மண் சேருமே, யார் அள்ளுகிறார்கள்? பாட்டி கெச்சுவாவில் சொல்ல, பேரன் ஸ்பானிஷில் சொல்ல, டீச்சர் தமிழில் சொன்னாள். விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் குறிப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராத வீட்டுக்கு அபராதம். மேலே தொடங்கிக் கீழே வரை எல்லோரும் சேர்ந்து வழிப்பார்கள், சிச்சாவும் சாப்பாடும் உண்டு. அந்தக் கூட்டு வேலைக்குப் பெயர் ஃபயேனா. பாட்டி எழுந்து நின்று, இல்லாத மண்வெட்டியால் இரண்டு முறை அள்ளிப் போட்டுக் காட்டினார்.

குடிமராமத்து. நம்ம சொல் என் வாயில் தானாக வந்தது.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை ஐந்தரை. வயலோரம் நின்றிருந்தார், பின்னால் இயந்திரத்தின் இரைச்சல். சொன்னேன். "வீட்டுக்கு ஒரு ஆளா? இப்பவுமா?" என்று இரண்டு முறை கேட்டார். "எங்க அப்பா காலத்துல நம்ம ஊருலயும் அப்படித்தாம்மா."

பாட்டியைக் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையை ஆட்டினார்கள். அப்பா வாய்க்காலை இன்னொரு முறை காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "இங்க ஜேசிபி வந்திருக்கும்மா, தூர் வார்றாங்க. பன்னெண்டாம் தேதி மேட்டூரு தெறக்கப் போறாங்க. பக்கத்துல நிக்கலன்னா மேலாப்புல வழிச்சுட்டுப் போயிருவான். நான் வைக்கிறேன்."